அமாவாசைச் செவ்வாயும் என் நாலு நாள் லீவும்

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி உதிரிபாகக் கடையில் இருபத்திரண்டு வருசமாக வேலை பார்க்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் எங்கள் பக்கத்திலிருந்து வடக்கே எத்தனையோ மாநிலங்களுக்குப் போயிருக்கின்றன. அதில் எந்த வண்டி எந்தக் காட்டில் நின்றாலும் மணி அடிப்பது என் சட்டைப்பையில்தான். "அண்ணா, ஹேமர் போச்சுங்க, நாளைக்கே லாரில ஏத்தி உடுங்க" என்பார்கள். சாப்பிடும்போதும் அடிக்கும், கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதும் அடிக்கும். தீபாராதனையில் அம்மன் முகத்தை முழுசாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

நான் சொல்ல வந்தது இந்த மாசியில் நடந்தது. அதற்கு ஒன்றரை வருசம் முன்னால், ஓர் ஆவணியில், கடையில் பேரிங் பெட்டி ஒன்றை அடுக்கிலிருந்து இறக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். "மாத்திரை பாதிதான். மீதிப் பாதி, கொஞ்ச நாளைக்கு நீங்க போனை எடுக்காம இருக்கறது" என்றார். நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே எங்கள் ஊர் மாரியம்மன் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, எனக்குச் சுகமானால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த நோம்பியில், அதாவது அம்மன் திருவிழாவில், அவளால் எடுக்க முடியவில்லை. பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. "ஆத்தாகிட்டச் சொன்ன சொல்லு அப்படியே நிக்குதுங்க" என்று அந்த வருசம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு மாத்திரை கேட்டது, தலைசுற்றல் நின்றது. அது நிற்க நிற்க அவளுக்குத் தவிப்பு கூடியது. கேட்டது கிடைத்த பிறகும் செய்யாமல் இருக்கிறோமே என்ற தவிப்பு.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். எங்கள் ஊர் நோம்பி பூச்சாட்டோடுதான் தொடங்கும். மாசி அமாவாசை கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்ந்து விளக்கு வைத்தபின், அம்மனுக்குப் பூப்போட்டு மேளம் அடித்து நோம்பியை ஊருக்கு அறிவிப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அன்றைக்கே கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அன்றிலிருந்து பதினைந்து நாள் ஊரில் எந்த வீட்டிலும் தாளிப்பதில்லை, கவிச்சி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுதோடு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். சட்டி எடுக்கிறவர் வீட்டில் ஒரே ஒருவர் ஒரே ஒரு ராத்திரி வெளியே தங்கினாலும் அந்த வருசம் அந்த வீட்டுக்குச் சட்டி கிடையாது.

இப்போது கம்ப்யூட்டர் விசயத்துக்கு வருகிறேன். எனக்குப் படிப்பு பத்தாவதும், அதற்குமேல் ஐடிஐயில் ஒரு வருசமும்தான். என் மகள் இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனபோது அவளுடைய பழைய லேப்டாப்பை விட்டுப்போனாள். அதில் எஃப் எழுத்துப் பொத்தான் பெயர்ந்துவிட்டது, அடியில் இருக்கும் ரப்பர் மொட்டைத்தான் அமுக்க வேண்டும். தமிழில் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானாகவே பைத்தான் கற்றுக்கொண்டேன். புத்தகத்தில் நிரல் என்று போடுகிறார்கள், என் வாயில் புரோகிராம் என்றுதான் வரும். நாம் நாலு வரி எழுதினால் அந்தப் பெட்டி அதன்படி கேட்டு நடக்கிறது. கடையில் என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நான் உருப்படியாக எழுதிய முதல் புரோகிராமே பூச்சாட்டுத் தேதி சொல்வதுதான். எங்கள் பூசாரியிடம் கணக்கைக் கேட்டேன். சொன்னார். சொல்லிவிட்டு, "தேதிய மட்டும் பாத்துப்போட்டு உட்றாதீங்க சாமி, அமாவாசை எத்தன மணிக்குப் போவுதுன்னும் பாக்கோணும்" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன். மணியை எல்லாம் எழுதினால் இன்னும் இருபது வரி வருமே என்று தேதியோடு விட்டுவிட்டேன். மூன்று வருசம் சரியாகவே சொன்னது. ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் மாசி பிறக்கும் முன்பே நான் தேதியைப் போட்டுவிடுவேன். கை கூப்பின படமாக வரிசையாக வந்து விழும். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. மறைப்பானேன்.

அதற்கப்புறம் ஆசை விளையாட்டுப் பக்கம் போனது. வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்கு வருசா வருசம் வடம் பிடிப்பேன். அந்தத் தேரையே ஒரு விளையாட்டாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. திரையில் நாலு வீதி, ஒரு தேர். பொத்தானை அமுக்கினால் தேர் நகர வேண்டும். முக்குக்கு வந்ததும் சக்கரத்துக்கு அடியில் சன்னக்கட்டை கொடுத்துத் திருப்ப வேண்டும். நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து நின்றால் மணி அடிக்க வேண்டும். இதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கடை முடிந்து வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து இரண்டு வரி அடிப்பதற்குள் சட்டைப்பை அலறும். ஒன்றரை வருசமாகத் தேர் நிலையை விட்டே கிளம்பவில்லை.

தை மாசத்தில் ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். "நாலு நாளைக்கு எங்கியாச்சும் போயி உக்காந்து இத எழுதோணும்போல இருக்குது புள்ள."

கோபிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "போனு?"

"அது உங்கிட்டயே இருக்கட்டும்."

"அப்பச் சரிங்க. போயிட்டு வாங்க. டாக்டரு சொன்ன மீதிப் பாதி மாத்திரை இதுதானாட்ட இருக்குது."

கடை முதலாளிதான் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க, சனங்க ஊட்டி போறாங்க, கொடைக்கானல் போறாங்க. நீங்க கம்ப்யூட்டரத் தூக்கீட்டுப் போயி அங்கயும் கம்ப்யூட்டரப் பாக்கறீங்களா? அதுக்குப் பேரு லீவா?" என்றார். சிரித்தாலும் நாலு நாளைக் கொடுத்தார். இருபத்திரண்டு வருசத்தில் நான் கேட்ட முதல் லீவு அது, கல்யாணம் கருமாதி தவிர.

எந்த நாலு நாள் என்பதற்கும் என் புரோகிராமைத்தான் கேட்டேன். அமாவாசை ஒரு செவ்வாய்க்கிழமை, பூச்சாட்டு அதற்கு அடுத்த செவ்வாய் என்றது. அதைக் குரூப்பிலும் போட்டேன். ஞாயிறு கிளம்பி வியாழன் திரும்பிவிடலாம், அப்புறமும் பூச்சாட்டுக்கு ஐந்து நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பையைக் கட்டினேன்.

போன இடம் ஜேடர்பாளையம். என் மனைவியின் அக்காவை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சகலைக்கு வாய்க்கால் ஓரத்தில் வாழைத்தோப்பு. தோப்பு நடுவே மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறை, கயிற்றுக்கட்டில், ஒரு ஃபேன், ஒரு பிளக். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். சகலை லேப்டாப்பை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னுங்க பண்ணப் போறீங்க?"

"தேர் ஓட்டப் போறேனுங்க சகலை."

"நெசத் தேரே நாலு நாள்ல நெலைக்கு வந்துருதுங்களே, உங்க தேரு ஒன்றரை வருசமா நிக்குதுன்னு கொழுந்தியா சொல்லுச்சு?"

அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்று சாயங்காலமே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு வாழைமட்டையை மடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை எனக்கு விடிந்தபோது மணி ஏழரை. இருபது வருசத்தில் அந்த நேரம் வரை நான் தூங்கியதில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பல் விளக்கிவிட்டு வாய்க்காலில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் சும்மா நின்றேன். முருகா என்று சொன்னேன். யாரும் குறுக்கே கூப்பிடவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அது ஒன்றுக்கே அந்த லீவு தகும் என்று பட்டது.

பகல் முழுக்க எழுதினேன். வீதிகள் வந்தன. தேர் வந்தது, மஞ்சள் பெட்டிமேல் முக்கோணமாக. பொத்தானை அமுக்கினால் அசைந்து அசைந்து நகர்ந்தது. அந்த அசைவு வந்ததும் நான் தனியாகக் கை தட்டினேன். சகலை மடை திருப்பிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார், பாம்போ என்று. முக்கில்தான் சிக்கல். கட்டை போட்டால் தேர் திரும்பாது. வேகம் குறையும், அப்புறம் நேராகப் போய்க் கடைவரிசைக்குள் புகுந்துவிடும். "பாத்திரக்கடைக்குள்ள போயிருச்சுங்க" என்று சகலை சொல்லிச் சிரித்தார். இருபது தடவை மாற்றி எழுதினேன். இருபது தடவையும் பாத்திரக்கடைதான். ஆனால் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். கடையில் ஒரு ஃபில்டர் மாறிப் போனாலே நாள் முழுக்க எரிச்சலாக இருக்கும் எனக்கு.

செவ்வாய்க்கிழமை அமாவாசை. விடியலில் படுகை அணைப் பக்கம் போய்க் காவேரியில் முழுகினேன். கும்பல் கும்பலாகச் சனங்கள் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அப்பா அம்மாவை நினைத்து விட்டேன். அமாவாசையும் செவ்வாயும் சேர்ந்து வந்திருக்கிறது, நல்ல நாள் என்று சொல்லிக் கும்பிட்டேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. வாயால் சொன்னேன், அமாவாசையும் செவ்வாயும் என்று. அப்போதும் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. ஈரத்துணியோடு வந்து மறுபடி தேரைத் திருப்ப உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். சகலை பக்கத்திலிருக்கும் வேலூர்ச் சந்தைக்கு வாழைத்தார் கொண்டுபோனவர் திரும்பி வந்தார். மெதுவாக மொபெட்டை நிறுத்தி, துண்டை உதறி, "உங்க ஊட்லருந்து போன் வந்துச்சுங்க. உங்க ஊர்ல இன்னிக்குப் பூச்சாட்டாமா" என்றார்.

"என்னுங்க சொல்றீங்க? எப்ப வந்துச்சு?"

"காத்தால பத்து மணியிருக்கும். ஏலம் நடந்துட்டிருந்துச்சு. நேர்ல போயிச் சொல்லிக்கலாமுன்னு..."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஊர் நோம்பி சித்திரையில். எங்கள் ஊர் நியமம் அவருக்கு எங்கே தெரியும்? போனை வாங்கி மனைவிக்குப் போட்டேன்.

நடந்தது இதுதான். பூசாரியிடம் வாட்ஸ்ஆப் கிடையாது. அவர் பாட்டுக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இன்றைக்குத்தான் பூச்சாட்டு என்று விடியலில் கோயிலைக் கழுவிவிட்டு, பூவுக்கும் மேளத்துக்கும் சொல்லியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். அடுத்த செவ்வாய்தானே என்று எல்லாரும் முழித்திருக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். அமாவாசை அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு முடிந்துவிடுகிறது. பூச்சாட்டு விளக்கு வைத்தபின். அப்போது அமாவாசை கழிந்துதான் இருக்கும். ஆகவே அந்தச் செவ்வாயேதான். என் புரோகிராமோ அமாவாசைக்கு மறுநாளிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அந்தச் செவ்வாயை அது கண்ணாலேயே பார்க்கவில்லை. மணியைப் பாருங்கள் என்று பூசாரி அன்றைக்குச் சொன்னது இதற்குத்தான்.

என் மனைவி போனில் திட்டவில்லை. "ஏனுங்க, பொழுதுக்குள்ள வந்துருவீங்களா?" என்றாள். பிறகு, "நானு சட்டி எடுக்கறதே உங்களுக்காகத்தானுங்க. நீங்களே ராவைக்கு வெளிய தங்கீட்டா, இந்த வருசமும் போச்சு" என்றாள். அவள் குரல் அப்படி ஒடிந்து நான் கேட்டதில்லை.

"வாரேன் புள்ள. வந்துருவேன்" என்றேன்.

லேப்டாப்பை அணைக்காமலே பைக்குள் திணித்தேன். சகலை மொபெட்டில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் விசயம் அப்போதுதான் உறைத்திருந்தது. வழி முழுக்க, "அறிவிருக்குதா எனக்கு, அறிவிருக்குதா" என்று தன்னையே வைதுகொண்டு வந்தார். திருச்செங்கோட்டுப் பஸ் பத்து நிமிசத்தில் வந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. நெஞ்சு படபடத்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே மூச்சை இழுத்து விட்டேன். திருச்செங்கோட்டில் மாறி மல்லசமுத்திரம் இறங்கினபோது ஐந்தேகால். எங்கள் ஊருக்குப் போகும் மினிபஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது ஆறே முக்காலுக்கு. ஊர் ஐந்து கிலோமீட்டர்.

நிறுத்தத்தில் ஒரு கட்டைப்பையோடு எங்கள் தெரு அண்ணன் ஒருவர் நின்றிருந்தார். பங்காளி முறை, என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். சேலத்தில் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"வாப்பா விஞ்ஞானி" என்றார்.

"அண்ணா..."

"பேத்தியப் பாத்து எட்டு மாசமாச்சு. உன்ற தேதிய நம்பித்தான் ஒரு வாரம் இருக்கலாமுன்னு நேத்துப் போனேன். மத்தியானம் எலையில சோத்தப் போட்டாங்க, போன் வந்துருச்சு. கையக் கழுவீட்டு ஓடியாரேன். உன்ற கம்ப்யூட்டரு ஆத்தாளுக்கே ஒரு வாரம் லீவு குடுத்துருச்சாட்ட இருக்குது?"

"தப்புதானுங்கண்ணா."

"தப்புன்னு சொல்லீட்டாப் போதுமா? எனக்கு வெளிய தங்குனா ஒரு ஏச்சோட போவும். உன்ற ஊட்டுல சட்டியல்ல நிக்குது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ரோட்டின் நடுவே போய் நின்று, வந்த கோழித்தீவன வண்டியைக் கை காட்டி மறித்தார். டிரைவரிடம், "சாமி, ஊருக்குப் பூச்சாட்டு, வெசையாப் போவோணும்" என்றார். டிரைவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். வேறொன்றும் கேட்கவில்லை. பின்னால் மூட்டைமேல் ஏறிக்கொண்டோம். அண்ணன் வழியெல்லாம் என்னை வைதுகொண்டே வந்தார். வைதுகொண்டே, மேடு பள்ளத்தில் நான் விழாதபடி என் கையைப் பிடித்துக்கொண்டும் வந்தார்.

எல்லைக்கல்லைத் தாண்டும்போது வெளிச்சம் இருந்தது. மேளக்காரர்கள் கோயில் வாசலில் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியிலிருந்து குதித்து அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டேன். தலையெல்லாம் கோழித்தீவனம். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வீட்டில் என் மனைவி ஈரத் தலையோடு மஞ்சள் சீலை கட்டி நின்றாள். என்னைப் பார்த்ததும் கண் நிறைந்தது. ஆனால் வாயில் வந்தது, "போயி மேலுக்குத் தண்ணி ஊத்தீட்டு வாங்க, கோழிப்பண்ணையாட்ட நாறுதுங்க" என்பதுதான். விளக்கு வைத்தபின் பூப்போட்டார்கள். மேளம் முழங்கியது. அவள் கையில் பூசாரி காப்புக் கட்டினார். அம்மன் முகத்தை அன்றைக்கு நான் முழுசாகப் பார்த்தேன். சட்டைப்பையில் ஒன்றும் அடிக்கவில்லை.

கும்பல் கலைந்தபின் பூசாரியின் முன்னால் நின்று தப்பைச் சொன்னேன். ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். நாலு பேர் நாலு சொல் சொன்னார்கள், வாங்கிக்கொண்டேன். பூசாரி விபூதியை என் நெற்றியில் அப்பினார். "மணியப் பாக்கச் சொன்னேனுங்களா இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னீங்க."

"அப்ப அந்தப் பொட்டியிலயும் அதச் சொல்லிப் போடுங்க சாமி. பாவம், அதுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் காலை நான் கடைக்குப் போகக் கிளம்பினேன். மீதி லீவு எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. என் மனைவி வாசலில் மறித்தாள்.

"எங்க கெளம்பீட்டீங்க? இன்னும் ரெண்டு நாளு இருக்குதல்லங்க?"

"ராத்தங்க முடியாதே."

"ராவைக்குத்தான ஊட்டுல இருக்கோணும்? பகல்ல தேரு உடக்கூடாதுன்னு ஆத்தா சொன்னாளா? போயிட்டுப் பொழுதோட வாங்க." சொல்லிவிட்டுக் கையிலிருந்த காப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "நானும் வாரேனுங்க. அக்காளப் பாத்து நாளாச்சு."

அவளும் எங்கும் போகாதவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போனோடு அலைந்த இருபது வருசமும் அவள் அந்த அடுப்படியோடு இருந்திருக்கிறாள். லீவு என்று கேட்டது நான் ஒருத்தன் மட்டும்தான்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். தாளிக்காத புளிச்சோறு, தாளிக்காத தயிர்ச்சோறு. அணைப்பக்கம் மீன் வறுக்கும் வாசனை வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அக்காளும் தங்கையுமாக வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு மத்தியானம் வரை பேசினார்கள். என்ன பேசினார்களோ. பிறகு அவள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். தேர் பாத்திரக்கடைக்குள் போனது.

"ஏனுங்க, ரெண்டு சக்கரத்துக்குமா கட்டை போடறீங்க?"

"பின்ன?"

"திருப்பறப்ப ஒரு பக்கந்தானுங்க போடுவாங்க. அந்தப் பக்கச் சக்கரம் நிக்கோணும், இந்தப் பக்கச் சக்கரம் ஓடோணும். அப்பத்தான தேரு திரும்பும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வடம் புடிச்சு முன்னால போறீங்க. சக்கரம் உங்க முதுகுக்குப் பின்னால இருக்குது. நானு இருபத்தஞ்சு வருசமா ஓரத்துல நின்னு அதையத்தான பாத்துட்டு இருக்கறேன்?"

ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றினேன். எஃப் மொட்டை அமுக்கி அமுக்கி ஆறு வரி. தேர் முதல் முக்கில் ஆடி, நின்று, முனகுவது போல மெள்ளத் திரும்பியது. அவள் தன்னையும் அறியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு "அரோகரா" என்றாள். சகலை மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார், பின்னாலேயே அக்காளும். இரண்டாவது முக்கும் திரும்பியது, மூன்றாவதும். நாலாவதில் கட்டையைத் தாண்டிக் குதித்து, திரையின் ஓரத்துக்கு வெளியே போய்க் காணாமலே போய்விட்டது. பாத்திரக்கடையே பரவாயில்லை போலிருந்தது. நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் தோப்புக் காக்கா எல்லாம் பறந்தது. மூன்றரைக்கே கிளம்பி, வெளிச்சம் இருக்கையிலேயே எல்லைக்குள் வந்துவிட்டோம். வியாழனும் அப்படியே போய் வந்தோம்.

பூச்சாட்டுப் புரோகிராமில் மணி பார்க்கும் வரிகளை எழுதிச் சேர்த்தேன். இருபது வரி என்று பயந்தது ஏழு வரியில் முடிந்தது. கடைசியில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். தேதிக்குக் கீழே, "பூசாரியைக் கேட்டுக்கொள்ளவும்" என்று வரும்.

பதினைந்தாம் நாள் என் மனைவி தீச்சட்டி எடுத்தாள். வேப்பிலையை அடியில் கொடுத்து, எரியும் சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி, ஊர்க்கிணற்றிலிருந்து கோயில் வரை நடந்தாள். நான் முன்னால் போகவில்லை. கூடவே ஓரமாக, அவள் காலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் அந்தக் காலில் மஞ்சத்தண்ணி ஊற்றினேன். சூடு முகத்தில் அடித்தது, அவள் முகமோ குளிர்ந்துதான் இருந்தது. கோயிலில் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அம்மனைப் பார்த்து அவள் நின்ற நிற்பில் ஒன்றரை வருசத் தவிப்பும் போயிருந்தது. தாயே, எனக்கு உடம்பையும் கொடுத்தாய், இவளையும் கொடுத்தாய், எல்லைக்குள் வர ஒரு தீவன வண்டியையும் கொடுத்தாய் என்று மனசுக்குள் சொன்னேன்.

கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அவள் மோர் குடித்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அந்த நாலாவது முக்கு திரும்புச்சுங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப அடுத்த வருசமும் போவோணுமுங்க" என்றாள். "பூசாரியக் கேட்டுட்டு."